பேட்டர்னா பொம்பளைங்களுக்கு மட்டுமா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

உங்க பேப்பர் வந்ததும் நான் மொதல்ல பிரிக்கிறது ஸ்போர்ட்ஸ் பக்கத்ததான், அந்த உரிமையில ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. மகளிர் கிரிக்கெட் மேட்ச் ரிப்போர்ட்ல பேட் புடிச்சு ஆடுறவங்கள 'பேட்டர்'னு எழுதுறீங்க. அதே பக்கத்துல, கீழயே, ஆம்பளைங்க மேட்ச்னா 'பேட்ஸ்மேன்'னு எழுதுறீங்க. இத தெனமும் படிக்கிறவங்க என்ன நினைப்பாங்க, பேட்ஸ்மேனுக்கு பெண்பால்தான் பேட்டர் போலன்னு நினைப்பாங்க. எங்க ஏரியா டீக்கடையில ஒருத்தர் அடிச்சே சொல்றாரு, ஸ்மிருதி மந்தனா பேட்டர், கோலி பேட்ஸ்மேன், அவ்ளோதான் மேட்டர்னு. ஆதாரமா காட்டுனது உங்க பேப்பரத்தான்.

ஆனா நடந்தது அது இல்லியே. கிரிக்கெட் சட்டத்த எழுதுற உரிமை லண்டன் லார்ட்ஸ் மைதானத்துல இருக்கற எம்சிசிங்கற பழைய கிளப் கிட்ட இருக்கு. அவங்க 2021 செப்டம்பர்ல சட்டப் புத்தகத்துல பேட்ஸ்மேன்ங்கற வார்த்தைய தூக்கிட்டு பேட்டர்னு போட்டாங்க, ஆம்பளைக்கு ஒரு புத்தகம் பொம்பளைக்கு ஒரு புத்தகம்லாம் கெடையாது, ரெண்டு பேருக்கும் அதே சட்டம்தான், அப்போ ரோஹித் சர்மாவும் பேட்டர்தான், ஹர்மன்பிரீத்தும் பேட்டர்தான். அடுத்த மாசமே டி20 உலகக்கோப்பைக்கு சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலான ஐசிசியும் அதே வார்த்தைக்கு மாறிடுச்சு, அது ஆம்பளைங்க ஆடுன உலகக்கோப்பைங்கறத கவனிங்க.

இது ஏதோ திடீர்னு வந்த ஃபேஷனும் இல்ல. 2017-ல சட்டத்த திருத்தி எழுதும்போதே இந்த பேச்சு வந்துச்சு, மகளிர் கிரிக்கெட்ல இருக்கறவங்க கிட்டயும் கேட்டுத்தான் பேட்ஸ்மேனே இருக்கட்டும்னு விட்டாங்க. அப்புறம் என்ன ஆச்சுன்னா கூட்டம் வர ஆரம்பிச்சுது. அதே 2017-ல மகளிர் உலகக்கோப்பை ஃபைனலுக்கு லார்ட்ஸ் நிரம்பி வழிஞ்சுது, 2020 மார்ச்ல மெல்போர்ன்ல மகளிர் டி20 உலகக்கோப்பை ஃபைனல் பாக்க 86,174 பேர் வந்தாங்க (ரெண்டுலயும் தோத்தது நாமதான், அந்த வயித்தெரிச்சல் தனி). அவ்ளோ பேரு பாக்குற ஆட்டத்துல ஆடுறவங்கள எத்தன நாளைக்குத்தான் 'மேன்'னு கூப்பிடறது. இதுல ஒரு கூத்து, இந்த எம்சிசி ஆரம்பிச்சது 1787-ல, பொம்பளைங்கள மெம்பரா சேக்கலாம்னு ஓட்டு போட்டதே 1998-லதான். அப்பேர்ப்பட்ட கிளப்பே மாறிடுச்சு, நம்ம ஸ்போர்ட்ஸ் டெஸ்க் மாறுறதுக்கு என்னங்க கஷ்டம்?

பேட்டர்னா தோசை மாவுன்னு நெறைய பேரு கிண்டல் பண்றாங்க. மொத தடவ எனக்கும் சிரிப்பு வந்துச்சு. இப்பவும் அதையே சொல்றவங்கள பாத்தாதான் எரிச்சல். இன்னும் சில பேரு இது அமெரிக்காக்காரன் பேஸ்பால் வார்த்தை, கிரிக்கெட்டுக்கு ஒட்டாதுங்கறாங்க. சரி, பௌலர் ஒட்டுது, ஃபீல்டர் ஒட்டுது, கீப்பர் ஒட்டுது, இது மட்டும் ஏன் ஒட்டாது? யாரும் எந்தக் காலத்துலயும் பௌல்ஸ்மேன்னு சொன்னதில்லியே.

வார்த்தைய மாத்திட்டா ஆச்சா, காசு யார் குடுப்பான்னு கேக்குறவங்களுக்கு நான் எதிரி இல்ல. நியாயமான கேள்வி. 2022 அக்டோபர்ல நம்ம இந்திய கிரிக்கெட் வாரியம் பிசிசிஐ, மேட்ச் ஃபீஸ ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் சமமாக்குச்சு, டெஸ்ட்டுக்கு 15 லட்சம், ஒன் டேக்கு 6, டி20-க்கு 3. ஆனா வருஷ கான்ட்ராக்ட்ல இன்னும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கு. அதுக்கு தனியா சண்ட போடணும்தான், அதுக்காக இத விட்டுடணும்னு இல்ல, இதுக்கு பைசா செலவும் இல்ல.

தமிழ்ல நமக்கு இன்னும் சுலபம். பந்துவீச்சாளர்னு எழுதுனா அது பும்ராவா தீப்தி சர்மாவான்னு வார்த்தையில தெரியாது, "விக்கெட் எடுத்தார்"னு மரியாதையா எழுதுனா அதுவும் ரெண்டு பேருக்கும் பொருந்தும். அதே மாதிரி மட்டையாளர்னு எழுதலாம், இலங்கைத் தமிழ் பேப்பர்ல துடுப்பாட்ட வீரர்னு எழுதுறாங்க, அதுவும் கேக்க அழகாத்தான் இருக்கு. இல்ல பேட்டர்தான் வாயில வருதுன்னா அதையே போடுங்க. வீராங்கனைங்கற வார்த்தைய விடச் சொல்லலங்க, 2025 மகளிர் உலகக்கோப்பை செமி ஃபைனல்ல ஆஸ்திரேலியா வச்ச 339-ஐ தொரத்தும்போது நம்ம ஜெமிமா 127 அடிச்சு கடைசி வரைக்கும் அவுட் ஆகாம நின்னுச்சே, அந்தப் பொண்ண வீராங்கனைன்னு எழுதாம வேற யார எழுதப் போறோம். ஆட்ட நாயகன், ஆட்ட நாயகின்னு ரெண்டும் இருக்கு, அதுலயும் எனக்கு பிரச்சன இல்ல.

நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். பேட்டர்னு எழுதுனா கோலிக்கும் கில்லுக்கும் சேத்து எழுதுங்க. பொம்பளைங்களுக்கு மட்டும் அத ஒதுக்கி வச்சா, பொதுவா இருக்கட்டும்னு கொண்டு வந்த வார்த்தையே இன்னொரு லேடீஸ் சீட் ஆயிடும். இந்த ஐபிஎல்லுக்குள்ள முடிஞ்சா சந்தோஷம், அந்த டீக்கடை ஆளுக்கு நானே பேப்பர் கட்டிங் எடுத்துட்டுப் போய் காட்டிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்க ஸ்போர்ட்ஸ் பக்க வாசகன்,
மதுரை