வீட்டோடு வரைபடமும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டைத் தொழிற்சாலையிலேயே பெட்டி பெட்டியாகச் செய்து, லாரியில் ஏற்றி வந்து, கிரேனால் தூக்கிப் பொருத்தித் தரும் குடும்ப நிறுவனம் ஒன்றைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வேகத்தை விரிவாகப் பேசிய அக்கட்டுரை, அது குடும்ப நிறுவனம் என்பதை ஒரு பெருமையாக மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டது. கட்டடப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மனையில் அடித்தளம் எழும்போதே தொழிற்சாலையில் சுவரும் கூரையும் தயாராவதால் காலம் மிச்சமாகிறது என்பது உண்மையே. ஆனால் வேலை குறைந்த மாதங்களில் ஆட்களைக் குறைத்துச் சமாளிக்கும் சாதாரண ஒப்பந்தக்காரரைப் போலத் தொழிற்சாலை செய்ய முடியாது. ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் இயந்திரக் கடனும் நிரந்தரத் தொழிலாளர் ஊதியமும் நிற்பதில்லை. போதாததற்கு, மனையில் எழும் கட்டடத்தின் நிலையைப் பார்த்துத் தவணை தவணையாகக் கடன் தரும் வங்கியின் கண்ணுக்கு வெறும் அடித்தளம் மட்டும் தெரியும் கட்டத்திலேயே, இந்த முறையில் செலவின் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. இருநூறு கோடி டாலருக்கு மேல் முதலீடு திரட்டி, கட்டடப் பாகங்களைத் தொழிற்சாலையில் செய்துவந்த அமெரிக்கக் கட்டுமான நிறுவனமான கட்டெர்ரா 2021இல் திவாலானது. பிரிட்டனின் பெரும் காப்பீட்டு நிறுவனமான லீகல் அண்ட் ஜெனரல், திட்ட அனுமதித் தாமதங்களால் போதிய அளவு ஆர்டர் சேரவில்லை என்று கூறி, தன் வீட்டுத் தொழிற்சாலையில் உற்பத்தியை 2023இல் நிறுத்தியது. ஆண்டுக்கு ஆண்டு பெருகியே தீர வேண்டும் என்று நெருக்கும் முதலீட்டாளர் இல்லாத குடும்ப நிறுவனம், கையில் உள்ள வேலைக்கேற்பச் சிறியதாகவே இருந்து தாக்குப்பிடிக்க முடியும். அந்த அளவில் கட்டுரையின் பாராட்டு பொருந்தும்.

என் கவலை வீடு கைமாறிய பிறகு வருவது. ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனிச் சுவர், தளம், மேற்கூரை உண்டு என்பதால், இரண்டு பெட்டிகள் சேரும் இடத்தில் இரட்டைச் சுவர் அமைகிறது. தண்ணீர்க் குழாய்களும் மின்கம்பிகளும் அதைக் கடந்துதான் செல்கின்றன. சாதாரண வீட்டில் கசிவு என்றால் அனுபவமுள்ள கொத்தனார் தட்டிப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடுவார். இங்கே உள்ளே இருப்பது செய்தவருக்கு மட்டுமே தெரியும். குடும்ப நிறுவனங்களிலோ அந்த அறிவு பெரும்பாலும் காகிதத்தில் அல்லாமல் பெரியவரின் தலைக்குள் இருக்கிறது. ("அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன்" என்ற பதிலை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.) அத்தகைய வீடு ஒன்றில் இணைப்புச் சுவரில் ஈரம் இறங்கியபோது என்னை அழைத்தார்கள். நிறுவனத்தைத் தொடங்கியவர் அதற்குள் காலமாகிவிட்டார். மகன் மனமுவந்து நேரில் வந்தார். ஆனால் அவரிடம் அந்த வீட்டின் வரைபடம் இல்லை. மூன்று இடங்களில் சுவரைப் பிரித்த பிறகே பழுதான குழாய் இணைப்பு அகப்பட்டது. குற்றம் அவருடையது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதற்குத் தீர்வு கடினமானதல்ல. சுவர்ப் பலகைகளை மூடுவதற்கு முன் தொழிற்சாலையில் ஆய்வு நடக்கும் கட்டத்திலேயே ஒவ்வொரு சுவரையும் படமெடுத்து, குழாய், மின்கம்பி வழித்தட வரைபடங்களோடு சாவி கொடுக்கும் நாளில் உரிமையாளரிடம் ஒப்படைக்கலாம். அடித்தளத்தின் மட்டம் சிறிது பிசகினாலும் பெட்டிகள் சரியாகப் பொருந்தாது. அப்போது அடித்தளம் போட்டவர் தொழிற்சாலையையும், தொழிற்சாலை அவரையும் கைகாட்டுவது வழக்கம். ஆகவே, இணைப்புகளுக்குப் பொறுப்பு யாருடையது, எத்தனை ஆண்டுகளுக்கு என்பதும் ஒப்பந்தத்திலேயே எழுத்தில் இருக்க வேண்டும். தங்கள் செய்தியாளர் அந்த நிறுவனத்தாரை மீண்டும் சந்திக்க நேர்ந்தால், இவ்விரண்டையும் இப்போது தருகிறார்களா என்று கேட்டு வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவர்