காசு கொடுத்து வாங்கியதற்கு இன்னொருவர் கையில் சாவி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தோட்டப்புறத் தமிழர்கள் இனி மின்னூலுக்கு மாறிக்கொள்ள வேண்டும் என்று தங்கள் ஞாயிறு பதிப்பில் ஓர் அன்பர் எழுதியிருந்தார். சென்னையிலிருந்து புத்தகம் தருவிக்கும் தபால் செலவு, கோலாலம்பூர் வரை போய் வாங்கும் அலைச்சல் என்று அவர் சொன்னதெல்லாம் உண்மை. 2016 இறுதியில் அமேசானின் மின்னூல் கருவியான கிண்டிலில் தமிழ் வந்த பிறகு, எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்தபடியே ஒரு நாவலைச் சில நிமிடங்களில் இறக்கிக்கொள்ள முடிகிறது. நானும் மின்னூல் படிக்கிறவன்தான். ஆனால், அப்படி வாங்கும் நூல் நம்முடையதாகிறதா என்ற கேள்வியை அந்தக் கட்டுரை தொடவே இல்லை.

தோட்டத்தில் ஒருவர் தாள் புத்தகம் வாங்கினால் அது லயத்து வீடுகள் முழுக்கச் சுற்றி வரும். அக்கா படித்து முடித்ததைத் தங்கை படிப்பாள், அப்புறம் பக்கத்து வீட்டு அத்தை கேட்டு வாங்கிப் போவார். கடைசியில் அட்டை கிழிந்து தமிழ்ப்பள்ளி நூலகத்துக்கோ கோயில் வாசகசாலைக்கோ போய்ச் சேரும். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பலர் இப்படிக் கைமாறி வந்த நூல்களிலும் வார இதழ்களிலும்தான் வாசிக்கப் பழகினார்கள். சட்டமும் இதைத் தடுப்பதில்லை. ஒரு பிரதியை விற்றதோடு அந்தப் பிரதியின் மேல் பதிப்பாளருக்கு இருந்த பிடி முடிந்துவிடுகிறது.

கடைகளில் விற்கும் பெரும்பாலான மின்னூல்களின் நிலை வேறு. டிஜிட்டல் உரிமை மேலாண்மை, சுருக்கமாக டிஆர்எம் என்று ஒரு பூட்டு அவற்றில் இருக்கிறது. கோப்பு நம் கருவியில் இருந்தாலும் அதன் எழுத்துகள் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். திறக்கும் சாவியை நிறுவனம் நம் கணக்குக்கு மட்டும் கொடுக்கும். அந்தக் கணக்கு மூடப்பட்டாலோ, நிறுவனம் கடையைக் கட்டினாலோ, கோப்பு இருந்தும் படிக்க முடியாது. இரவல் கொடுக்க முடியாது, பள்ளிக்கு நன்கொடையாகத் தர முடியாது, நமக்குப் பிறகு பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லவும் வழியில்லை.

இது வெறும் பயம் என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன். 2009 ஜூலையில் அமேசான் நிறுவனம், ஜார்ஜ் ஆர்வெலின் இரண்டு நூல்களை வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தே நீக்கியது. அவற்றைக் கடையில் ஏற்றியவருக்கு விற்கும் உரிமை இல்லை என்பது காரணம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். ஆனால் பாடத்துக்காக அந்த நூலில் குறிப்பெழுதி வைத்திருந்த ஒரு பள்ளி மாணவரின் உழைப்பு வீணாகி, விஷயம் நீதிமன்றம் வரை போனது. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, அதுவரை வாங்கப்பட்ட நூல்கள் எல்லாமே திறக்காமல் போயின. அங்கும் பணம் திரும்பி வந்தது. 2025 பிப்ரவரியில், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியையும் அமேசான் எடுத்துவிட்டது. பணம் திரும்பக் கிடைக்கிறதே, அப்புறம் என்ன என்று கேட்கலாம். பழைய புத்தகக் கடைக்காரர் நள்ளிரவில் வீட்டுக்குள் நுழைந்து அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு காசை மேசையில் வைத்துவிட்டுப் போனால் நாம் போலீசுக்குப் போவோம்.

பட்டணத்தில் இருப்பவர்களுக்குப் பெரிதாகத் தெரியாத இன்னொரு சங்கடமும் உண்டு. பூட்டுப் போட்ட பாடல்களும் படங்களும் அவ்வப்போது இணையத்தில் தம் உரிமத்தைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். ஸ்பாட்டிஃபையில் இறக்கிய பாடல்களுக்கு 30 நாளுக்கு ஒரு முறையாவது இணையம் வேண்டும். செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைக் காட்டுக்குள் பல இடங்களில் கைப்பேசிக்கு லைன் கிடைப்பதே அரிது. தலைநகரில் கட்டும் அதே சந்தாவைத்தான் தோட்டத்துப் பையனும் கட்டுகிறான்.

என் தொழில் பக்கம் வருகிறேன். ஊரில் போட்டோஸ்டெட் கடை வைத்திருக்கிறேன். பிரிண்டர், கைப்பேசி பழுதும் பார்ப்போம். நூல்களில் உள்ள அதே பூட்டு இப்போது இயந்திரங்களுக்குள்ளும் புகுந்துவிட்டதை நான் அங்கேதான் பார்க்கிறேன். வீட்டில் டியூஷன் சொல்லிக் கொடுக்கும் ஓர் அம்மா பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிள்ளைகளுக்குப் பயிற்சித் தாள் அச்சடிக்கும் இயந்திரம் அது. அவர் எப்போதும் மை மறுநிரப்பிய கார்ட்ரிட்ஜைத்தான் பயன்படுத்துவார். அதுவரை ஒரு தொல்லையும் இல்லை. ஒரு நாள் பிரிண்டர் இணையம் வழியாகத் தானாகவே மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டது. மறுநாளிலிருந்து அதே கார்ட்ரிட்ஜை ஏற்க மறுத்துவிட்டது. திறந்து பார்த்தேன். மை நிறைய இருக்கிறது, ஹெட் சுத்தமாக இருக்கிறது, ரோலர் நன்றாகச் சுழல்கிறது. கார்ட்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் சிறிய சிப்பைப் படித்துப் பார்த்து, இது தன் நிறுவனத்துச் சரக்கு இல்லை என்று இயந்திரம் முடிவு செய்கிறது. அசல் கார்ட்ரிட்ஜ் முழு செட்டின் விலை ஏறக்குறைய ஒரு புது பிரிண்டரின் விலை. என்னால் அவருக்கு எதுவும் செய்து கொடுக்க முடியவில்லை.

இதில் எனக்கு ஆறாத விஷயம், விற்று முடித்த பிறகு நிபந்தனை மாறியதுதான். அவர் கடையில் காசு கொடுத்த அன்று அந்த இயந்திரம் எந்த மையையும் ஏற்றது. அதை மாற்றும்போது யாரும் அவரிடம் சம்மதம் கேட்கவில்லை. கைப்பேசியிலும் இதே கதை நடக்கிறது. சில மாடல்களில், அதே நிறுவனத்தின் இன்னொரு கைப்பேசியிலிருந்து கழற்றிய அசல் திரையைப் பொருத்தினாலும் எச்சரிக்கை வருகிறது, அல்லது சில வசதிகள் வேலை செய்வதில்லை. பாகத்தின் எண்ணை நிறுவனத்தின் மென்பொருள் ஒப்புக்கொண்டால்தான் ஆயிற்று. சிற்றூர்களில் பழுது பார்த்துப் பிழைக்கும் எங்களைப் போன்றவர்கள் மெல்ல மெல்ல வெளியே தள்ளப்படுகிறோம்.

அமெரிக்காவில் பிரிண்டர் தயாரிக்கும் லெக்ஸ்மார்க் நிறுவனம், தன் பழைய கார்ட்ரிட்ஜ்களை மறுநிரப்பி விற்ற ஒரு நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. ஒரு பொருளை விற்றதுமே அதன் மேலுள்ள காப்புரிமை தீர்ந்துவிடுகிறது என்று 2017 மே மாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்புதான். ஆனாலும் நீதிமன்றம் கொடுத்த உரிமையைச் சிப் மதிக்காவிட்டால் வாங்கியவர் என்ன செய்வார்? கொலராடோ மாநிலம் 2023இல் இன்னும் ஒரு படி மேலே போனது. டிராக்டர் போன்ற விவசாய இயந்திரங்களுக்கான பாகங்கள், கருவிகள், மென்பொருள் ஆகியவற்றை விவசாயிகளுக்கும் வெளி மெக்கானிக்குகளுக்கும் தயாரிப்பாளர்கள் கொடுத்தாக வேண்டும் என்று சட்டமே இயற்றியது. டிராக்டர் இல்லாமல் ஒரு குலை கூட வெளியே வராத செம்பனை நாட்டில் நாம் அதைப் பற்றி இன்னும் பேசவே ஆரம்பிக்கவில்லை.

திருட்டைத் தடுக்கத்தான் பூட்டு என்பார்கள். தமிழ் எழுத்தாளருக்குக் கிடைப்பதே சொற்பம். அவருடைய நூலின் பிடிஎஃப்பை வாட்ஸ்அப்பில் பரப்புவது அவர் சோற்றில் கை வைப்பதுதான், அதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். ஆனால் பரப்பப்படும் அந்தக் கோப்பில் பூட்டு இருப்பதில்லை. பூட்டோடு சிரமப்படுவது நேர்மையாகக் காசு கொடுத்தவர் மட்டுமே. ஆப்பிள் நிறுவனம் 2009இல் தன் கடையில் விற்கும் பாடல்களிலிருந்து பூட்டை எடுத்தது, அதனால் பாட்டு விற்பனை நின்றுபோகவில்லை. நம் மொழியிலேயே மதுரைத் திட்டம் 1998 முதல் பழந்தமிழ் நூல்களைப் பூட்டில்லாத கோப்புகளாக இலவசமாகத் தருகிறது. யாருடைய அனுமதியும் கேட்காமல் அவற்றை எந்தக் கருவியிலும் திறக்கலாம், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பிரதி எடுத்தும் கொடுக்கலாம்.

நம் நாட்டுச் சட்டம் இதில் யார் பக்கம் நிற்கிறது? 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 36ஏ பிரிவு, இத்தகைய தொழில்நுட்பப் பூட்டுகளை உடைப்பதைத் தடுக்கிறது. பாதுகாப்புச் சோதனை, குறியாக்க ஆய்வு, நூலகம் ஒன்று நூல் வாங்கலாமா என்று பார்ப்பது போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. காசு கொடுத்து வாங்கிய நூலைத் தன்னுடைய இன்னொரு கருவியில் படிக்க விரும்பும் சாதாரணப் பயனீட்டாளருக்கு அந்த விலக்குகளில் இடமில்லை. மறுபக்கம், 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பழுது பார்க்கும் வசதியும் உதிரி பாகங்களும் நியாயமான காலத்துக்குக் கிடைக்க வேண்டும் என்கிறது. உதிரி பாகம் கிடைத்தும் மென்பொருள் அதை ஏற்காவிட்டால் அந்த உத்தரவாதத்தால் என்ன பயன்?

சட்டத்தை மாற்ற முடியாது என்று சொல்வதற்கில்லை. பார்வையற்றோர் படிக்கும் வடிவில் நூல்களைத் தயாரிக்க வழிவிட்டு 2022இல் இதே பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதே மனசோடு, சொந்தப் பயன்பாட்டுக்கும் பழுது பார்ப்பதற்கும் பூட்டைத் திறக்க 36ஏ பிரிவில் விலக்குச் சேர்க்க வேண்டும். இணையத்தில் விற்கப்படுவது பின்னால் திரும்பப் பெறக்கூடிய உரிமம் மட்டுமே என்றால், காசு வாங்கும் முன்பே அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் அது சட்டம். வெறும் 5 ரிங்கிட் கட்டணத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான வழக்கை விசாரிக்கும் பயனீட்டாளர் நடுவர் மன்றம் நமக்கு இருக்கிறது. விற்பனைக்குப் பிறகு மென்பொருளால் முடக்கப்படும் பொருள்களையும் அது தயங்காமல் விசாரிக்க, உள்நாட்டு வாணிப அமைச்சு வழிகாட்ட வேண்டும்.

எங்கள் ஊர் இதைக் கேட்பதில் ஒரு நியாயம் உண்டு. வெள்ளைக்காரர்கள் விற்றுவிட்டுப் போன தோட்டங்கள் துண்டாடப்பட்டு, தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்த காலத்தில், எங்கள் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன், தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்குவதற்காக 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் சீவியவர்கள் தங்கள் கூலியில் மிச்சம் பிடித்துப் பங்கு வாங்கினார்கள். அடுத்தவர் தயவில் இருப்பதற்கும் தன் பேரில் ஒன்று இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகக்கூடாது.

சட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு காரியமும் இருக்கிறது. அமேசானில் நேரடியாக மின்னூல் வெளியிடும்போது, பூட்டு வேண்டுமா வேண்டாமா என்று எழுத்தாளரிடமே கேட்கிறார்கள். மலேசியத் தமிழ் எழுத்தாளர்களும் பதிப்பாளர்களும் வேண்டாம் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டுகிறேன். அப்படி வரும் நூல்களின் பட்டியலைத் தங்கள் ஞாயிறு பதிப்பில் மாதம் ஒரு முறை வெளியிட்டால், எங்கள் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களிடம் அதை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
போட்டோஸ்டெட் கடை வாசகன்,
சுங்கை சிப்புட், பேராக்.