நோட்டில் எழுதினால் மட்டும் போதாது

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். தடிங்ஜுட் விளக்குத் திருவிழா முடிந்தும் யாங்கூனில் மழை விட்டபாடில்லை. கரண்ட் வழக்கம்போல் வருகிறது, போகிறது.

படுக்கப் போகுமுன் நன்றி சொல்ல வேண்டிய மூன்று விஷயங்களை நோட்டில் எழுதுங்கள் என்று உங்கள் சிங்கப்பூர் ஆபீஸ் பயிற்சியில் சொன்னார்கள் என்றாய் அல்லவா? முதலில் நன்றாக இருந்தது, இப்போது "வேலை இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது, உடம்பு நன்றாக இருக்கிறது" என்று அதையே திரும்பத் திரும்ப எழுதுகிறேன், மனசில் ஒன்றும் தோன்றவில்லை என்று வருத்தப்பட்டாய். போனில் பேசினால் பாதியில் லைன் போய்விடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் மேல் குறை ஒன்றும் இல்லையம்மா. தினமும் எழுதினால் யாருக்கும் அலுத்துத்தான் போகும். ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லா என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் 2003-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதன் ஒரு பகுதியில் கல்லூரி மாணவர்களைப் பிரித்து, ஒரு பிரிவை நன்றிக்குரியவற்றையும் இன்னொரு பிரிவை எரிச்சல் தந்தவற்றையும் எழுதச் சொன்னார்கள். வாரம் ஒரு முறை, அதிகம் போனால் ஐந்து விஷயம், பத்து வாரம். நன்றியை எழுதியவர்களுக்குத் தங்கள் வாழ்க்கை மேல் திருப்தி கூடியிருந்தது. பிறகு சோன்யா லுபோமிர்ஸ்கி என்ற பேராசிரியரும் அவரோடு வேலை செய்தவர்களும் வாரம் ஒரு முறை எழுதியவர்களையும் மூன்று முறை எழுதியவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மகிழ்ச்சி கூடியது வாரம் ஒரு முறை எழுதியவர்களுக்குத்தான். ஆகவே ஞாயிற்றுக்கிழமை மட்டும் எழுது. மற்ற நாளில் தூங்கு, அதுவும் உனக்குத் தேவை.

ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. உன் நோட்டில் ஆளே இல்லை. சாப்பாடு இருக்கிறது என்று எழுதுகிறாய். சமைத்தது யார், நீ வரும்வரை எடுத்து வைத்தது யார்? அந்த ஆளை எழுது. எழுதியதை அந்த ஆளிடமே போய்ச் சொல். நோட்டுக்குள்ளேயே இருந்தால் அது அவருக்கு எப்படித் தெரியும்?

தடிங்ஜுட்டுக்கு இங்கே என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். பர்மியர்கள் புத்தர், தர்மம், பிக்குகளின் சங்கம், பெற்றோர், ஆசிரியர் ஐவரையும் ஒரே வரிசையில் வைத்து வணங்குகிறவர்கள். வாசலில் விளக்கு வைத்துவிட்டுப் பெரியவர்கள் வீட்டுக்குப் பழமும் துணியும் எடுத்துப் போவார்கள். என்னிடம் டியூஷன் படித்த பிள்ளைகளும் வருவார்கள். ஸயாமா, அதாவது டீச்சர், என்று கூப்பிட்டுத் தரையில் விழுந்து கும்பிடுவார்கள், நான் ஆசி சொல்வேன். இந்த வருஷம் ஒருவன் மோல்மேன் ஊரிலிருந்து வந்தான். மற்றவர்கள் கும்பிட்டுவிட்டு எழுந்தார்கள், அவன் எழவில்லை. "ஸயாமா, எனக்குப் பலகை தெரியவில்லை என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. நீங்களாகவே கண்டுபிடித்து முன்னால் உட்கார வைத்தீர்கள். அப்பாவைக் கூப்பிட்டுக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள் என்றீர்கள். அதற்கு முன்னால் என்னை மக்கு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றான்.

எனக்கு அது மறந்தே போயிருந்தது. எத்தனையோ பிள்ளைகளை இடம் மாற்றி உட்கார வைத்திருக்கிறேன். அவன் கொண்டுவந்த லுங்கித் துணி நல்ல துணிதான், இருந்தாலும் அன்று முழுக்க என் மனசில் ஓடியது அவன் பேச்சுதான். எனக்கு இன்ன கஷ்டம் இருந்தது, நீங்கள் இன்னது செய்தீர்கள், அதனால் எனக்கு இன்னது நடந்தது என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னான் பார், அதுதான் நன்றி. "ரொம்ப தேங்க்ஸ்" என்று பொதுவாகச் சொல்லியிருந்தால் எனக்கு நினைவில் நின்றிருக்காது.

நம் தமிழ் வீடுகளில் இதற்குப் பெரிய கூச்சம். கட்டின புருஷனுக்கும் பெற்ற தாய்க்கும் யாராவது நன்றி சொல்வார்களா என்பார்கள். சரி, அந்த வார்த்தை வேண்டாம், நடந்ததைச் சொல்லலாமே. ராத்திரி எந்நேரம் கரண்ட் வந்தாலும் அப்பா எழுந்துபோய் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்புகிறார். காலையில் காபி கொடுக்கும்போது, "நீங்கள் தண்ணீர் ஏற்றியதால்தான் இன்றைக்குப் போர்வையெல்லாம் துவைக்க முடிகிறது" என்பேன். அவர் காது கேட்காதவர் மாதிரி பேப்பரைப் புரட்டுவார். ஆனால் அன்று தொட்டியைக் கழுவியும் வைப்பார்.

எதிர்வீட்டு பர்மிய அம்மாவை மறந்திருக்க மாட்டாய். 2008 மே மாதம் நர்கிஸ் புயலில் தெருவெல்லாம் மரம் விழுந்து, கரண்டும் இல்லாமல் தண்ணீரும் இல்லாமல் கிடந்தோமே, அப்போது தன் வீட்டு அடிபம்பைத் தெருவுக்கே திறந்துவிட்டவர். நீயும் உன் சின்னக் குடத்தோடு வரிசையில் நின்றாய். பொங்கலன்று நம் வீட்டுப் பானையிலிருந்து முதல் கிண்ணம் இன்னமும் அவருக்குத்தான் போகிறது. "அந்தத் தண்ணீருக்கு" என்று சொல்லித்தான் கொடுப்பேன்.

நேரில் போய்ச் சொன்னால் அசடு வழியுமோ என்று தோன்றும். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2018-ல் இதைத்தான் ஆராய்ந்தார்கள். நன்றிக் கடிதம் எழுதியவர்கள், வாங்குகிறவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று பயந்தார்கள். வாங்கியவர்களைக் கேட்டால், எழுதியவர்கள் நினைத்த அளவுக்குச் சங்கடம் இல்லை, சந்தோஷம்தான் நினைத்ததைவிட அதிகம். அதனால் தயங்காதே.

இன்னொன்று. "இந்த வேலை கிடைத்ததற்கே நீ நன்றியோடு இருக்கணும்" என்று உன் மேலதிகாரி சொன்னதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது. நீ வேலை செய்கிறாய், அவர்கள் சம்பளம் தருகிறார்கள். கூடுதல் நேரத்துக்குப் பணம் கேட்பது நன்றி கெட்டதனம் ஆகாது. மரியாதையாக, எழுத்தில் கேள். உன் வாயை அடைப்பதற்காக ஒருவர் நன்றி என்ற பெயரைச் சொன்னால் அதற்குத் தலையாட்டாதே.

நீ சிங்கப்பூர் போன புதிதில் காய்ச்சலில் கிடந்தபோது, பக்கத்து அறை அக்கா லீவு போட்டுவிட்டு உன்னை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய், ராத்திரி கஞ்சியும் வைத்துக் கொடுத்தாரே, அவரை உன் நோட்டில் எழுதினாயா? அவர் வேறு வீடு மாறிவிட்டார் என்றாய். நம்பர் இருக்கும், இந்த ஞாயிறு கூப்பிடு. லீவு போட்டது, கஞ்சி வைத்தது, அதற்கப்புறம்தான் அந்த ஊரில் உனக்குத் தைரியம் வந்தது, எல்லாவற்றையும் சொல்.

பெரியப்பா மகன் அடுத்த மாதம் அங்கே வருகிறான். லஃபெத் என்கிற ஊறவைத்த தேயிலை இரண்டு பொட்டலமும், அரைத்து முகத்தில் பூசும் தனக்கா கட்டையும் கொடுத்து அனுப்புகிறேன். ஒரு பொட்டலம் அந்த அக்காவுக்கு. பர்மா தேயிலை அவருக்குப் புதுசாக இருக்கும், வறுத்த பயறும் எள்ளும் எலுமிச்சையும் சேர்த்து எப்படிப் பிசைவது என்று நீயே காட்டிக் கொடு.

அன்புடன்,
அம்மா