செலவுக் கணக்கையும் அச்சடியுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சொந்தக் காசில் பாட்டுப் பதிந்து, சொந்தக் கையால் சின்னச் சின்ன இதழ்கள் அடித்து விற்கும் எங்கள் பெடியள் பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். எழுதியவர் இளையவர் போலத் தெரிகிறது, உற்சாகமாக எழுதியிருக்கிறார், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் இந்தப் பழக்கம் 1976இல் லண்டனில் பிறந்து இப்போதுதான் பலாலி விமான நிலையத்தில் வந்து இறங்கியிருக்கிறது என்கிற மாதிரி ஒரு தொனி இருக்கிறதே, அதைப் பற்றி இரண்டு வார்த்தை. என்னுடைய இரண்டு வார்த்தை இரண்டு பக்கம் என்பது ஆசிரியருக்குப் பழகிப்போயிருக்கும்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். மூன்று கிற்றார் கோர்ட்டை (கம்பிகளில் விரல் வைத்துச் சேர்த்து மீட்டும் சுரக்கூட்டை) வரைந்துகாட்டி, இது போதும் பாண்ட் தொடங்க என்று சொல்லும் அந்தப் புகழ்பெற்ற படம் ‘ஸ்னிஃபின் குளூ’ என்ற லண்டன் பங்க் இசை இதழில் வந்ததல்ல. 1977 ஜனவரியில் ‘சைட்பர்ன்ஸ்’ என்ற இன்னொரு இதழில் வந்தது. எல்லாரும் விடுகிற பிழைதான், நானும் கனகாலம் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன். ‘ஸ்னிஃபின் குளூ’ நடத்திய மார்க் பெர்ரி வங்கியில் கிளாக்கராக இருந்தவர். பிள்ளைகளின் தட்டச்சுப்பொறி ஒன்றில் அடித்து, தலைப்புகளை மார்க்கர் பேனையால் கிறுக்கி, முதலில் 50 பிரதியளவில்தான் போட்டோக்கொப்பி எடுத்தார். அது ஆயிரக்கணக்கில் போகத் தொடங்கியதும், எங்களை மட்டும் வாசித்துக்கொண்டிராமல் நீங்களும் ஒன்று தொடங்குங்கள் என்று வாசகருக்கு எழுதினார், 1977இலேயே இதழை நிறுத்தியும் விட்டார். நல்லாய் ஓடுகிற இதழை நிறுத்துகிற மனம் எங்கள் ஊரில் யாருக்கு வரும்?

அதுகூட முதல் இதழ் இல்லை. 1930இலேயே அமெரிக்காவில் விஞ்ஞானக் கதை ரசிகர்கள் ஸ்ரென்சில் வெட்டி, மெஷினில் உருட்டி, தபாலில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். அந்த மெஷினின் ஒன்றுவிட்ட சகோதரம்தான் எங்கள் ரோனியோ. யாழ்ப்பாணத்தில் எழுபது, எண்பதுகளில் படித்த எவரிடமும் கேட்டுப்பாருங்கள், ரியூட்டறியில், அதாவது ரியூசன் வகுப்பில், ரோனியோவில் அடித்துத் தந்த நோட்ஸின் வாசனையை மறந்திருக்க மாட்டார்கள். மெழுகு பூசிய தாளில் றிபன் இல்லாமல் தட்டச்சு செய்தால் எழுத்து விழுந்த இடத்தில் மெழுகு விலகும், அதற்குள்ளால் மை கசிந்து கீழே இருக்கிற தாளில் பதியும். பிழை விட்டால் பூசி அடைக்க ஒரு திரவம் இருந்தது, நகப்பூச்சு மாதிரி மணக்கும். முக்கியமான விசயம், கைபிடியைச் சுற்றினால் போதும், கரண்ட் வேண்டாம்.

கரண்ட் வேண்டாம் என்பது 1990க்குப் பிறகு, சண்டையில் யாழ்ப்பாணத்துக்குக் கரண்டே நின்றுபோன காலத்தில், எவ்வளவு பெரிய விசயம் என்பதை இந்தக் கடிதத்தை வாசிக்கிற பாதிப்பேருக்கு நான் விளக்கத் தேவையில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி டைனமோவில் பாட்டுக் கேட்ட ஊர் இது. பேப்பர்த் தட்டுப்பாட்டில் செய்தித்தாளே கோடு போட்ட கொப்பி ஒற்றையில் வந்தது. அந்த நாட்களில் நாங்கள் நாலு பேர் கொக்குவிலில் ஒரு இதழ் அடித்தோம். ரியூட்டறி மாஸ்டர் ஒருவர் இரவில் ரோனியோவைத் தந்தார், கொப்பி ஒற்றை எங்களுடையது, மை இருந்தால் அடி இல்லாவிட்டால் போ என்பது அவருடைய ஒப்பந்தம். ஒருமுறை மை இறுகிவிட்டது என்று வீட்டு ஜாம் போத்தல் விளக்கிலிருந்து மண்ணெண்ணெய் களவெடுத்துக் கலந்தோம். பக்கம் முழுக்க ஊறி ஒரு கவிதைகூட வாசிக்க முடியவில்லை, அம்மாவிடம் வாங்கின ஏச்சு தனிக்கதை. (கவிதைகள் வாசிக்க முடியாமல் போனது வாசகர்களுக்கு நல்லதென்று இன்று நினைக்கிறேன்.)

எங்களுக்கு முன்னால் எத்தனை பேர். 1966 ஓகஸ்டில் எழுத்தாளர் டொமினிக் ஜீவா தன்னுடைய முடிவெட்டும் சலூனில் இருந்தே ‘மல்லிகை’ என்ற இலக்கிய இதழைத் தொடங்கினார், கட்டாகக் கையில் கொண்டுபோய்த் தானே விற்றார், 400 இதழுக்கு மேல் கொண்டுவந்தார். அது அச்சகத்தில் அடித்த ஒழுங்கான சஞ்சிகை, ரோனியோக்காரரோடு அதைச் சேர்க்கக்கூடாது என்று யாராவது சண்டைக்கு வரலாம். வரட்டும். முதலாளியும் இல்லாமல் விளம்பரத்தை நம்பாமலும் ஒரு மனிதன் தன் காலால் நடந்து விற்றதற்கு வேறென்ன பேர்?

பாட்டு விசயத்தில் மட்டும் கட்டுரையாளரோடு பாதி ஒத்துப்போகிறேன். ரெக்கோடிங் பாரில், அதாவது பாட்டுப் பதிந்து தரும் கடையில், லிஸ்ற் கொடுத்து கசெற் நிரப்பியதை நாங்களே செய்தது என்று நான் சொல்லமாட்டேன். அது இளையராஜா செய்தது, நாங்கள் பிரதி எடுத்தோம்.

ஆனால் ஒரு விசயத்தில் அந்த வெள்ளைக்காரப் பெடியள் எங்களை வென்றுவிட்டார்கள், கட்டுரையில் அதுதான் இல்லை. மன்செஸ்ரரைச் சேர்ந்த பஸ்கொக்ஸ் குழு 500 பவுண் கடன் வாங்கி, தாங்களே வெளியிட்ட முதல் இசைத்தட்டின் உறையில், எந்தப் பாட்டு எத்தனையாவது தரம் பாடியபோது சரிவந்தது என்றுகூட அச்சடித்தார்கள். 1978இல் ஸ்கிரிட்டி பொலிட்டி என்ற இன்னொரு குழு இன்னும் ஒரு படி போய், பதிவுக்கு இவ்வளவு, தட்டு அழுத்த இவ்வளவு, லேபலுக்கு இவ்வளவு என்று செலவுக் கணக்கையே உறையில் போட்டது. வாஷிங்டனில் டிஸ்கோர்ட் என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கிய இளம் பெடியள் வேறொரு தட்டின் உறையைப் பிரித்து விரித்து அளவெடுத்து, தங்கள் உறைகளைத் தாங்களே வெட்டி மடித்து ஒட்டினார்கள், எப்படிச் செய்தோம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லியும் கொடுத்தார்கள். உறையைப் பார்த்தவனுக்கு, இவ்வளவுதானா, நானும் செய்யலாமே என்று வந்தது. இதழும் தட்டும் பெருகியது அதனால்தான், மூன்று கோர்ட்டால் இல்லை.

நாங்கள்? எந்த அச்சகம் மலிவு, பேப்பர் எங்கே வாங்கினது என்று கேட்டால் வாயைத் திறக்கமாட்டோம். சமையல் குறிப்பில் ஒரு சாமானை ஒளித்து வைக்கிற மாமிமார் மாதிரி. அதனால் ஒவ்வொரு பெடியனும் முதலிலிருந்து தொடங்கி, ஏமாந்து, மூன்றாவது இதழோடு படுத்துவிடுகிறான். இப்போது இதழ் அடிக்கிற பிள்ளைகளிடம் நான் கேட்பது அதுதான். பின்னட்டையில் கணக்கைப் போடுங்கள், எத்தனை பிரதி அடித்தீர்கள், எவ்வளவு போச்சு, எத்தனை மிஞ்சிக் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது, எல்லாம். அப்புறம், ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்துக்குக் கொடுங்கள், அவர்கள் 2005இலிருந்து ஈழத்து எழுத்தை இணையத்தில் ஏற்றி வைக்கிறார்கள். 1981இல் எங்கள் பொதுநூலகம் எரிந்த பிறகும் பிரதியைத் தன் அலுமாரியில் மட்டும் வைத்துக்கொள்கிறவனை என்ன சொல்ல.

அதை நான் சொல்ல லாயக்கில்லாதவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் இதழ் மொத்தம் நாலு வந்தது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் அம்மா காணி உறுதியையும் என் பள்ளிக்கூடச் சான்றிதழ்களையும் எடுத்தா, நான் ரேடியோவை எடுத்தேன், இதழ்களை ஒருவரும் எடுக்கவில்லை. நாலாவது இதழில் பாதி பிறகு ஒரு நண்பனிடம் கிடைத்தது. இரண்டாவது இதழ் யாரிடமாவது இருந்தால் ஆசிரியர் மூலம் அறியத் தாருங்கள். நீல மை, கோடு போட்ட கொப்பி ஒற்றை, அட்டையில் ஒரு சேவல். பார்த்தால் காகம் மாதிரித்தான் இருக்கும், அது சேவல்தான்.

இப்படிக்கு,
பழைய வாசகர் ஒருவர்
கொக்குவில், யாழ்ப்பாணம்