கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த உனக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. உன் மகன் வேலையை விட்டுவிட்டு ஸ்டாண்ட்-அப் காமெடி மேடைக்குப் போய்விட்டதையும், அவன் வற்புறுத்தி அழைத்த நிகழ்ச்சிக்கு நீ போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து முழுவதையும் பார்த்துவிட்டு, அதைப் பற்றி அவனிடம் இன்றுவரை ஒரு வார்த்தையும் பேசாமல் இருப்பதையும் எழுதியிருந்தாய். உடனே பதில் எழுத எனக்குக் கை வரவில்லை. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, மருத்துவர் படிக்கலாம் என்று சொன்ன பிறகு நான் முதலில் எடுத்த புத்தகம் ஒரு நகைச்சுவைக் கலைஞரின் வாழ்க்கை நினைவுகளாக அமைந்துவிட்டது. அதை முடித்த கையோடு உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அமெரிக்க நடிகர் ஸ்டீவ் மார்ட்டின் 2007இல் வெளியிட்ட ‘பார்ன் ஸ்டாண்டிங் அப்’ என்ற புத்தகம் அது. திரைப்படங்களைப் பற்றி அதில் அதிகம் இல்லை. தனி ஆளாக மைக்கின் முன்னால் நின்ற 18 ஆண்டுகளைத்தான் அவர் எழுதியிருக்கிறார். அந்த 18 ஆண்டுகளுக்குத் தொடக்கத்திலேயே ஒரு கணக்குச் சொல்கிறார்: கற்றுக்கொள்ள 10 ஆண்டுகள், கற்றதைச் செப்பனிட 4 ஆண்டுகள், பெரும் வெற்றி 4 ஆண்டுகள். உன் மகன் மேடையேறி இன்னும் ஓராண்டு நிறையவில்லை என்று நீ எழுதியிருந்தது அந்த வரியைப் படிக்கும்போது நினைவுக்கு வந்தது.

1955இல் டிஸ்னிலேண்ட் பொழுதுபோக்குப் பூங்கா திறக்கப்பட்டது; அந்த ஆண்டில்தான் மார்ட்டினுக்கு 10 வயது நிறைந்தது. அங்கே வழிகாட்டிப் புத்தகங்கள் விற்கும் சிறுவனாகச் சேர்ந்து, பின்னர் மாயாஜாலப் பொருள்கள் விற்கும் கடைக்கு மாறுகிறார். வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே வித்தையைத் திரும்பத் திரும்பச் செய்துகாட்டியதே அவருக்குக் கிடைத்த முதல் பயிற்சி. பதின்வயதில் தான் நடத்திய சிறு நிகழ்ச்சிகளில் எந்த வேடிக்கை எடுபட்டது, எது எடுபடவில்லை என்று ஒவ்வொரு முறையும் குறித்து வைத்திருக்கிறார். பிறவியிலேயே சிரிக்கவைக்கத் தெரிந்தவர்கள்தான் இந்தத் தொழிலுக்கு வருகிறார்கள் என்று நாம் நம்பிக்கொண்டிருந்தோமே, அந்த எண்ணம் எனக்கு இந்தப் பக்கங்களோடு போய்விட்டது.

அவர் கண்டுபிடித்த முறையைப் படித்தபோது உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். கல்லூரி நாட்களில் நாம் மணிக்கணக்கில் விவாதித்த விஷயம் அது. கதை சொல்கிறவர் ஒரு இறுக்கத்தை உண்டாக்கிக் கடைசி வரியில் அதை அவிழ்த்துவிடுவதால் சிரிப்பு வருகிறது என்று அவர் ஒரு நூலில் படிக்கிறார். அந்தக் கடைசி வரியே இல்லாமல், இறுக்கத்தை அவிழ்க்காமலே கொண்டுபோனால் என்ன ஆகும் என்று யோசிக்கிறார். எங்கே சிரிக்க வேண்டும் என்று கலைஞர் காட்டாவிட்டால், ரசிகரே தாங்கமுடியாமல் ஓரிடத்தைத் தேர்ந்துகொண்டு சிரிப்பார், அந்தச் சிரிப்பு அவருக்கே சொந்தமானதாக இருக்கும் என்பது அவருடைய கணிப்பு. அந்தக் கணிப்பு பலிக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் நிகழ்ச்சி முடிந்த பிறகும் மாணவர்கள் எழுந்து போகவில்லையாம். முடிந்துவிட்டது என்று சொல்லிப் பார்த்தும் யாரும் நகராததால், அவர்கள் நடுவே நடந்து வெளியே வந்து, தண்ணீரில்லாத நீச்சல்குளம் ஒன்றில் அவர்களை இறங்கச் சொல்லி, அவர்கள் தூக்கிய கைகளின் மேலே நீந்திக் கடந்திருக்கிறார். இந்த இடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். அடுத்த அறையிலிருந்து என் மனைவி கண்ணுக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பதறி ஓடிவந்தாள்.

நண்பர்களைப் பற்றி அவர் எழுதும் விதம் அமைதியானது. பள்ளித் தோழர் ஜான் மெக்யூன் பாஞ்சோ என்ற நரம்பிசைக் கருவியை வாசிக்கக் கற்றுக்கொடுக்கிறார். அந்தத் தோழரின் சகோதரர் பின்னாளில் இவருடைய மேலாளராகிறார். இளமையில் காதலித்த ஸ்டார்மி என்ற பெண் ஒரு நாவலைக் கொடுத்துப் படிக்கச் சொன்னதால்தான் இவர் கல்லூரியில் தத்துவம் படிக்கப் போகிறார். பெரிய உதவி என்று அவர்களில் யாரும் நினைத்துச் செய்ததாகத் தெரியவில்லை, ஆயினும் அவை இல்லாமல் அந்தக் கலைஞர் உருவாகியிருக்க மாட்டார். புகழின் உச்சியில், 20,000 பேர் கூடும் அரங்குகளில், தொலைவில் இருப்பவர்களுக்கும் தெரிய வேண்டுமென்று வெள்ளை உடை அணிந்து நின்ற காலத்தில்தான் அவர் மிகவும் தனியாக இருந்திருக்கிறார். 1981இல் ஸ்டாண்ட்-அப்பை விட்டே விலகிவிட்டார்.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். இந்தப் புத்தகத்தின் உயிர் அவருடைய தந்தை க்ளென் வரும் பக்கங்களில் இருக்கிறது. இளமையில் நடிகராக ஆசைப்பட்டு, பிறகு வீடு நிலம் விற்கும் தொழிலில் குடும்பத்தைக் காப்பாற்றியவர் அவர். மகன் 1976இல் ‘சாட்டர்டே நைட் லைவ்’ என்ற தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியை முதன்முதலாகத் தொகுத்து நடத்தியபோது, தன் தொழில் சங்கத்தின் செய்தி மடலில் அதைக் குறைகூறி எழுதினார். 1979இல் மகன் கதாநாயகனாக நடித்த முதல் படத்தின் முதல் காட்சி முடிந்து, பெருமையாக இருக்குமே என்று ஒருவர் கேட்டபோது, அவன் ஒன்றும் சார்லி சாப்ளின் இல்லை என்றார். அவர் கொடியவர் என்று எனக்குத் தோன்றவில்லை. தனக்குக் கிடைக்காத ஒன்றைத் தன் பிள்ளை எட்டிப் பிடிக்கும்போது எந்த முகத்தோடு பார்ப்பதென்று அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அந்தச் செய்தி மடலைப் படித்த க்ளெனின் நெருங்கிய நண்பர் என்ன செய்தார் தெரியுமா? அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவருடைய அலுவலகத்துக்குப் போய், மேசைமேல் வைத்து, ஒரு வார்த்தையும் பேசாமல், இது தவறு என்று தலையை மட்டும் அசைத்தாராம். பின்னாளில் க்ளென் வெட்கத்தோடு இதைத் தன் மகனிடமே சொல்லியிருக்கிறார். 1997இல் மரணப் படுக்கையில் அவர், தான் செய்ய ஆசைப்பட்டதையெல்லாம் நீ செய்துவிட்டாய் என்று சொல்ல, உங்களுக்காகத்தான் செய்தேன் என்று மகன் பதில் சொல்கிறார். உங்களால்தான் செய்தேன் என்ற சிக்கலான உண்மையைச் சொல்லாமல் விட்டது நல்லதென்று எழுதுகிறார். அந்தப் பக்கத்தைத் தாண்ட எனக்கு நெடுநேரம் ஆயிற்று.

நண்பா, நம் கல்லூரி மேடையில் எல்லாரும் சிரித்த வசனங்களை எழுதியவன் நீ. நான் அவற்றை ஒப்பித்துக் கைத்தட்டு வாங்கியவன் மட்டுமே. குடும்பத்துக்காக நீ அந்த நோட்டுப் புத்தகங்களைப் பரணில் ஏற்றியதை அறிந்த ஒரே ஆள் நான் என்பதால், இதை உன் மேசைமேல் வைக்க எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். நிகழ்ச்சியில் இரண்டு இடங்களில் உன்னையும் மீறிச் சிரித்துவிட்டதாக எனக்கு எழுதினாயே, அந்த இரண்டு இடங்கள் எவை என்று உன் மகனிடம் சொல். அவனும் குறித்து வைத்துக்கொள்ளட்டும். எடுபடாதவற்றை நீ அடுத்த மாதம் சொல்லலாம். வசனத்தில் எங்கே ஒரு சொல் கூடுதல் என்று உன்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் அவனுக்குக் கிடைக்கப்போவதில்லை.

புத்தகத்தைத் தனியே அனுப்பியிருக்கிறேன். நீ படித்த பின் அவனிடம் கொடு. அவனுடைய அடுத்த நிகழ்ச்சி எப்போது என்று எழுது, நானும் வருகிறேன். கண் இப்போது நன்றாகத் தெரிகிறது என்றாலும், முன்வரிசையிலேயே உட்காரலாம்.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத் தோழன்