மைல் எண்ட் முதியோர் இல்லத்தின் கதைக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

போன மாதம் ஈஸ்ட்ஹாமில் நம் முதியோர் குழுவின் ஞாயிறு கூட்டத்தில் எனக்குக் கொடுத்தது இருபது நிமிடம். நான் பேசியது நாற்பது. மணி அடிக்காமல் பொறுத்துக்கொண்ட தலைவர் அம்மாவுக்குத்தான் முதல் நன்றி.

பேசியது கிழக்கு லண்டனில் மைல் எண்ட் சாலை 253-ஆம் எண் கட்டடத்தைப் பற்றி. வேலைக்குப் போய்வந்த காலமெல்லாம் 25-ஆம் எண் பஸ்ஸில் அதைத் தாண்டித்தான் போயிருக்கிறேன். ஒருநாள்கூட என்னவென்று கேட்டதில்லை. ஸ்பெயினிலிருந்தும் போர்ச்சுகலிலிருந்தும் விரட்டப்பட்ட யூதர்களின் வழிவந்த செஃபார்டி சமூகம் அங்கே தன் முதியவர்களைப் பராமரித்தது என்று ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது. பெயர் பெத் ஹோலிம். எபிரேயத்தில் நோயாளிகளின் வீடு.

அந்தப் பெயரே என்னைக் கவிழ்த்தது. குறிப்பில் ‘மருத்துவமனை’ என்று எழுதிவிட்டு மேற்கொண்டு போய்விட்டேன். வெம்பிளியில் இருக்கும் செஃபார்டிப் பாட்டி ஒருவர் (பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்) தேநீர் கொடுத்து உட்காரவைத்துத் திருத்தினார். 1740களின் கடைசியில் லெமன் தெருவில் தொடங்கியபோது ஏழை நோயாளிகள், பிரசவத்துக்கு வந்த பெண்கள், போக்கிடமில்லாத வயசாளிகள் என மூன்று தரப்பும் அங்கே ஒரே கூரையின் கீழ்தான். 1790-ல் மைல் எண்டுக்கு வந்தது. பின்னால், பக்கத்து வைட்சேப்பலில் இருந்த பெரிய லண்டன் மருத்துவமனையில் யூதர்களுக்கென்றே தனி வார்டுகள் வந்தன. நோயாளிகளும் பிரசவப் பெண்களும் மெல்ல மெல்லக் குறைந்தார்கள். முதியவர்கள் மட்டும் தங்கிவிட்டார்கள். முதியோர் இல்லம் கட்டுவோம் என்று யாரும் திட்டம் போட்டு வரவில்லை. மற்றவர்கள் கிளம்பிப்போக, மிஞ்சியது அது. பாட்டி சொல்லியிராவிட்டால் கதையின் முதுகெலும்பே எனக்குத் தப்பியிருக்கும்.

தனி இல்லம் எதற்கு, பொது இடத்தில் இருந்தால் ஆகாதா என்று கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி, அவருக்கும் நன்றி. யூத மத விதிப்படி சமைத்த சாப்பாடு, ஓய்வுநாள், கூட்டுப் பிரார்த்தனை இவையெல்லாம் அன்றைய ஏழை விடுதிகளில் எங்கே கிடைக்கும்? என் அம்மா ஒன்பது நாள் ஒரு மருத்துவமனையில் இருந்தார். கறி பரிமாறிய கரண்டி தன் தட்டில் பட்டதைப் பார்த்தவர், அப்புறம் அங்கத்திச் சாப்பாட்டைத் தொடவே இல்லை. நாங்கள் கொண்டுபோன தயிர்சாதம்தான். இதைச் சொன்னதும் அரங்கில் பாதிப் பேர் தலையாட்டினார்கள்.

பான்கிராஃப்ட் சாலை நூலகத்தில் பழைய வரைபடங்களை எடுத்துத் தந்த பணியாளருக்கு நன்றி. என் ஆங்கில உச்சரிப்பையும் பொறுத்துக்கொண்டார். இல்லத்தின் பின்னாலேயே 1657-ல் தொடங்கிய யூதர் இடுகாடு இருப்பதை அந்த வரைபடத்தில்தான் முதலில் பார்த்தேன். யூதர்கள் இங்கிலாந்தில் மீண்டும் குடியேற வழி பிறந்த மறுவருடம் அது. அங்கே கற்கள் நிற்பதில்லை, செஃபார்டி வழக்கப்படி படுத்துக் கிடக்கின்றன. முதியவர்களைக் கொண்டுபோய் இடுகாட்டுப் பக்கத்திலா வைப்பார்கள் என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. பாட்டியிடம் கேட்டேன். சிரித்தார். அவருடைய அப்பா பின்பக்க அறைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினாராம். “எங்கள் பாட்டன் பூட்டன் எல்லாரும் அங்கேதானே, பயம் என்ன?” என்றார்.

சென்னையிலிருந்து கூப்பிட்டு ஒரு செய்தி சொன்ன பள்ளித் தோழனுக்குத் தனி நன்றி. நான் மண்ணடியில் வளர்ந்தவன், பவளக்காரத் தெருவில் ஓடி விளையாடியவன். லண்டனின் செஃபார்டி வணிகர்கள் மத்தியதரைக் கடல் பவளத்தை மதராசுக்கு அனுப்பி, பதிலுக்கு வைரம் வாங்கினார்கள். அந்தப் பவள வணிகர்களால்தான் தெருவுக்கு அந்தப் பெயர். 1688-ல் மதராஸ் மாநகராட்சி உருவானபோது ஆல்டர்மேன்கள் எனப்பட்ட நகரசபை உறுப்பினர்களில் மூன்று பேர் யூதர்கள். என்னமோ அந்நியர் கதை என்று தொடங்கினேன். பாதியில் பார்த்தால் என் தெருமுனை!

கட்டடத்தை 1912, 1913 வாக்கில் புதிதாகக் கட்டினார்கள். 1977-ல் இல்லம் வெம்பிளிக்குக் குடிபெயர்ந்தது. மைல் எண்ட் கட்டடம் மாணவர் விடுதியானது. அங்கே வாசலில் நின்று விழித்துக்கொண்டிருந்த என்னிடம் வந்து விசாரித்து, பின்பக்கம் எட்டிப் பார்க்க உதவிய மாணவிக்கு நன்றி. பரீட்சை நேரம் வேறு.

கடைசியாக, நான்கு சனிக்கிழமை காரோட்டிய மாப்பிள்ளைக்கு. வீடு திரும்பும்போது அவர் சொன்னது இவ்வளவுதான்: “இனிமே இடுகாட்டுக்குக் கூட்டிட்டுப் போறதா இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க மாமா.”

சரி, சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் மண்ணடிக்காரன்