தீர்மானத்தில் சம்பளத்தையும் எழுதுங்கள்: சென்னை மாமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேயர், துணை மேயர், மாமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

திரு.வி.க. நகர் மண்டலத்தில் சொத்து வரி கட்டிக் குடியிருக்கும் குடும்பம் எங்களுடையது. 2025 ஜூனில் எங்கள் மண்டலத்திலும் பக்கத்து ராயபுரம் மண்டலத்திலும் குப்பை அள்ளும் வேலையைத் தனியார் நிறுவனத்திடம் கொடுக்கத் தீர்மானம் போட்டீர்கள். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றே ஒன்று. இனி எந்தத் துறையைப் பிரித்தாலும், சேர்த்தாலும், வெளியே கொடுத்தாலும், அதில் இருக்கிறவர்களின் சம்பளமும் பணிக்காலமும் என்ன ஆகும் என்பதைத் தீர்மானத்திலேயே எழுதி, அதன் பிறகு கையைத் தூக்குங்கள்.

தனியாரிடம் கொடுப்பது சென்னைக்குப் புதிதல்ல. 2000-ல் ஓனிக்ஸ் நிறுவனம் வந்தது. அப்புறம் நீல் மெட்டல் ஃபனால்கா, ராம்கி, 2020-ல் உர்பேசர் சுமீத். நடுவில் 2011-ல் மாநகராட்சியின் எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 10 மண்டலங்கள் 15 ஆயின, 155 வார்டுகள் 200 ஆயின. ஊர் விரிந்த வேகத்தில் நிரந்தரப் பணியிடங்கள் விரியவில்லை. அந்த இடைவெளியில்தான் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் என்ற மத்திய அரசுத் திட்டத்தின் பெயரில், சுயஉதவிக் குழு வழியாக, ஆயிரக்கணக்கானவர்கள் வேலைக்கு வந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். பத்து வருடம், அதற்கு மேலும் அதே தெருக்களைப் பெருக்கியவர்கள் அவர்களில் உண்டு. கொரோனா ஊரடங்கில் நாம் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளம் வடிந்து சேறு மட்டும் மிஞ்சியபோதும் வந்தவர்கள் இவர்கள்.

எங்கள் தெருவுக்கு வரும் அம்மாவுக்கு எந்த வீட்டு மாடியில் முதியவர் தனியாக இருக்கிறார் என்று தெரியும். அவருடைய வாளியை மேலே ஏறிப் போய் எடுத்து வருவார். எந்த வீட்டில் உடைந்த கண்ணாடியைக் காகிதத்தில் சுற்றாமல் போடுவார்கள் என்றும் தெரியும்; அந்தப் பையைக் கையை விட்டுத் துழாவாமல் ஓரமாகச் சாய்த்துக் கொட்டுவார். புளியந்தோப்புப் பக்கம் பேட்டரி வண்டி நுழையாத சந்துகளில் குப்பையைச் சுமந்துதான் வெளியே கொண்டுவர வேண்டும். எத்தனை வீடு, எத்தனை கிலோ என்று அளந்து பில் போடும் ஒப்பந்தத்தில் இதற்கெல்லாம் எங்கே இடம்?

சரி, சம்பளத்துக்கு வருகிறேன். மாநகராட்சியின் கீழ் இவர்களுக்கு மாதம் ஏறத்தாழ 23,000 ரூபாய் கிடைத்தது. நிறுவனத்துக்குப் போனால் 17,000-க்கும் கீழே இறங்கிவிடும் என்று அவர்கள் சொன்னார்கள். மாதம் ஆறாயிரம் என்றால் வருடத்துக்கு எழுபதாயிரத்துக்கு மேல். வியாசர்பாடியிலும் காசிமேட்டிலும் ஒற்றை அறை வீட்டுக்கு வாடகை கொடுக்கிற குடும்பத்துக்கு அது பிள்ளையின் படிப்புச் செலவு, அல்லது வட்டிக்கு வாங்காமல் ஓட்டுகிற வருடம். பி.எஃப்., இ.எஸ்.ஐ., போனஸ் எல்லாம் நிறுவனம் தரும் என்று மாநகராட்சி பதில் சொன்னது. அதை வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? அவை மாநகராட்சியில் இருக்கும்போதே கிடைத்திருக்க வேண்டியவை. அவற்றைக் காட்டி வீட்டுக்குக் கொண்டுபோகும் தொகையைக் குறைப்பது நியாயமே இல்லை.

அதனால்தான் 2025 ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். நீங்கள் கூட்டத்துக்குப் போகிற அதே வாசல். வெயிலிலும் மழையிலும் நடைபாதையிலேயே இருந்தார்கள். 13-ஆம் தேதி இரவு, உயர் நீதிமன்ற உத்தரவைக் காட்டி, காவல்துறை அவர்களை அள்ளிக்கொண்டு போனது. மறுநாள் அரசு காலை உணவு, காப்பீடு, வீடு என்று திட்டங்களை அறிவித்தது. நல்ல திட்டங்கள்தான், வரட்டும். ஆனால் அவர்கள் உட்கார்ந்தது பணி நிரந்தரத்துக்காகவும் சம்பளத்துக்காகவும்.

பிறகு உயர் நீதிமன்றம் உங்கள் தீர்மானத்தை ரத்து செய்ய மறுத்தது. ஆனால் கடைசியாக வாங்கிய சம்பளம் குறையாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னது. இதை ஒரு நீதிபதி சொல்ல வேண்டியிருந்ததே என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம். மக்களிடம் ஓட்டு வாங்கிய 200 பேர் உட்கார்ந்திருக்கும் மன்றம் உங்களுடையது. பாதிக்கு மேல் பெண்கள். மேயர் அவர்களே, உங்கள் 74-ஆவது வார்டும் இதே திரு.வி.க. நகர் மண்டலத்தில்தான் இருக்கிறது.

அவர்கள் மாநகராட்சி ஊழியர்களே அல்ல, சுயஉதவிக் குழுவினர் என்ற வாதத்தையும் கேட்டோம். தெருவை ஒதுக்கியது யார், வருகையைக் குறித்தது யார், வேலைக்கு வராவிட்டால் கேள்வி கேட்டது யார்? 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்கச் சொல்லும் 1981-ஆம் வருடச் சட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. அது இவர்களுக்குப் பொருந்துமா என்பதை வக்கீல்கள் வாதாடட்டும். ஆள் வேண்டும் என்கிறபோது நம்ம ஆள், சம்பளம் என்கிறபோது குழுவின் ஆள் என்பது ஒரு மன்றத்துக்கு அழகல்ல.

மற்ற ஊர்களிலும் இதே கதைதான். 2022 அக்டோபரில் வந்த அரசாணை 152 சென்னை தவிர்த்த 20 மாநகராட்சிகளின் பணியிடங்களை மாற்றியமைத்து, அடிமட்ட வேலைகளை வெளியே கொடுக்க வழி திறந்தது. பெரிய மாநகராட்சியான நீங்கள் ஒரு ஒழுங்கைக் கொண்டுவந்தால் மற்றவர்களும் அதைக் காட்டிக் கேட்க முடியும்.

பணம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். 2022-ல் எங்கள் வீடுகளுக்குச் சொத்து வரி 50 முதல் 150 சதவீதம் வரை உயர்ந்தது. முணுமுணுத்துக்கொண்டேதான், ஆனாலும் கட்டினோம். அந்தப் பணத்தில் தெரு பெருக்குகிறவருக்கு முழுச் சம்பளம் போவதில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

அடுத்த மாமன்றக் கூட்டத்தில் இரண்டு கணக்குகளை மேசை மேல் வைக்கச் சொல்லுங்கள். முதலாவது, ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் பழைய பணியாளர்களில் எத்தனை பேர் மீண்டும் வேலைக்கு எடுக்கப்பட்டார்கள், பிடித்தம் போக அவர்கள் கையில் வரும் தொகை எவ்வளவு, எடுக்கப்படாதவர்கள் எங்கே போனார்கள் என்ற கணக்கு. இரண்டாவது, நிறுவனத்துக்குக் கொடுக்கும் தொகையில் சம்பளத்துக்கு எவ்வளவு, வண்டிக்கு எவ்வளவு, லாபத்துக்கு எவ்வளவு என்ற கணக்கு. சம்பளம் குறைந்திருந்தால் அந்த மாதத்து பில்லை நிறுத்தி வைக்க ஆணையருக்குச் சொல்லும் தீர்மானம் ஒன்றையும் நிறைவேற்றுங்கள். எங்கள் வார்டு உறுப்பினரிடம் இதை நேரிலும் எழுதிக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
திரு.வி.க. நகர் மண்டலத்தைச் சேர்ந்த ஒரு குடியிருப்பாளர்